கோபுரத்திலிருந்து எறிந்த செருப்பு

கொழும்புப் பேராலயத்தின் கோபுர உச்சியில் நின்று எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். மார்ஜரி மட்டும் தூரத்து மலைநாட்டில், எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தன் லயத்து வீட்டைப் பார்த்தாள். கொடியில் காயப்போட்ட அவளுடைய கல்யாணச் சேலையைப் பக்கத்து வீட்டுத் திரேசம்மாவின் ஆடு மென்றுகொண்டிருந்தது.

"ச்சூ, சனியனே!" என்று கத்தி, செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியே வீசினாள்.

"அங்க கடல்தானடி இருக்கு!" என்று புருஷன் இராயப்பன் தலையில் அடித்துக்கொண்டான். கீழே எவ்வளவு தேடியும் செருப்பு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் சோதனைச் சாவடி ஆமிக்காரன் அவளுடைய ஒற்றைச் செருப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

லயத்து வாசலில் திரேசம்மா காத்திருந்தாள். பக்கத்தில் ஆடு நொண்டியது. அதன் வாயில் சரிகை நூல் தொங்கியது.

"வாயால சொல்லக் கூடாதா?" என்று மற்றச் செருப்பை நீட்டினாள்.

"கொழும்புல இருந்து சொன்னா ஒனக்குக் கேக்குமா?" என்றபடி மார்ஜரி அதை வாங்கி மாட்டிக்கொண்டாள்.