திரையில் விழுந்த வரி

"நெட் வயரைப் பிடுங்கிட்டேன். பிடுங்கினப்புறமும் எழுதுதுண்ணே."

அவள் கதவைத் திறந்த வேகத்தில் ரிப்பேர்காரரை நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். பையைக் கீழே வைக்கக்கூட அவருக்கு அவகாசம் தரவில்லை.

அந்தத் தெருவில் அவருக்கு 'ஃபார்மட் அண்ணன்' என்று பெயர். எந்தக் கோளாறாக இருந்தாலும் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். தலைவலிக்குத் தலையையே எடுக்கிற ரகம். கூப்பிட்டதும் வருகிற ஆள் வேறு யாரும் இல்லாததால்தான் அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

"நிதானமா சொல்லும்மா. என்ன எழுதுது?"

"ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகம் டைப் பண்ணித் தர்றேன். முந்தாநாள் அடிச்சிட்டு இருக்கும்போது நடுவுல தானா எழுத்து விழுது. ஒவ்வொண்ணா, மெதுவா. 'ஜன்னலை மூடு'ன்னு."

"ஜன்னலையா?"

"ஆமா. திரும்பிப் பார்க்கிறேன், இந்த ஜன்னல் நிஜமாவே திறந்து கிடக்கு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. உடனே சாத்திட்டேன். நேத்து 'விளக்கை அணை'ன்னு வந்துச்சு. அணைச்சிட்டு இருட்டுலயே உட்கார்ந்து அடிச்சேன். யாரோ உள்ள புகுந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்கண்ணே."

மானிட்டர் மேலிருந்த கேமராவுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். சாத்திய அறையில் புழுக்கம் தாங்கவில்லை.

"நான் எழுந்து போன நேரத்துல விழுந்த வரி ஒண்ணு, கவனிக்காம பதிப்பகத்துக்குப் போயிருச்சு. இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. கடைசி அத்தியாயம் இன்னிக்கு நாலு மணிக்குள்ள போகணும்."

மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது.

"வெளிவேலைக்கும் என்னால போக முடியாது. அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து எட்டு மாசமாச்சு. பேச்சு போயிருச்சு. நாம சொல்றது எதுவும் இனி அவருக்குப் புரியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். இந்த வேலையும் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவோம்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வைரஸ் சோதனை ஓட்டினார். எதுவும் சிக்கவில்லை. வெளியாள் யாரும் உள்ளே நுழைந்த தடமும் இல்லை. எங்கெங்கோ போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் அவள் பயந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"பேசாம ஃபார்மட் போட்டுருவோமா?"

"அதை மட்டும் சொல்லாதீங்கண்ணே. நானூறு பக்கம் உள்ள இருக்கு."

"பென்டிரைவ்ல எடுத்து வெச்சுக்கலாம்மா."

"வைரஸ் இருந்தா அதுலயும் தொத்திக்கும்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க."

பாதி எடுத்த பென்டிரைவை அவர் மறுபடி பைக்குள் போட்டார்.

அப்போது திரையில் ஓர் எழுத்து விழுந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. மேசை மேல் இருந்த கீபோர்டை யாரும் தொடவில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

'நான் இங்கேதான் இருக்கிறேன்.'

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இருபது வருஷம் இதே தொழிலில் இருந்தவரும், இன்னொரு இடத்தில் அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

கீபோர்டின் வயரை உருவினார். மவுஸையும் உருவிப் போட்டார்.

'நான் இங்கேதான்' என்று அடுத்த வரி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"போதும்ணே. ஆஃப் பண்ணிருங்க. வேலை போனாப் போகட்டும்." அவள் அழத் தொடங்கினாள்.

"இரும்மா. எழுத்து வருதுன்னா ஏதோ ஒரு வழியா உள்ள வந்துதானே ஆகணும்? ஆகாசத்துல இருந்தா குதிக்கும்?"

அவளுக்குச் சொன்னாரோ தனக்கே சொல்லிக்கொண்டாரோ தெரியவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை முன்னால் இழுத்து, செல்போன் வெளிச்சத்தை அதன் முதுகில் அடித்தார். தூசிக்கு நடுவே, சொருகும் துளை ஒன்றில் விரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்கு. என்னன்னு தெரியாது. எதுக்கு வம்புன்னு நான் தொடலை."

"வயர் இல்லாத கீபோர்டு ஏதாவது வெச்சிருந்தியா?"

"இருந்துச்சு. பழசாயிருச்சுன்னு அதை எடுத்துட்டுத்தான் இந்தப் புதுசை மாட்டினேன்."

"கீபோர்டை எடுத்தே, அது அனுப்புற எழுத்தை வாங்குற இதை எடுக்கலையே. இது சொருகியிருக்கிற வரைக்கும், வீட்டுக்குள்ள எங்க உட்கார்ந்து அதைத் தட்டினாலும் எழுத்து இங்கதான் வந்து விழும். வைரஸும் இல்லை, பேயும் இல்லை. அந்தப் பழைய கீபோர்டு இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அதுலதான் வயரே இல்லையே, இனிமே வெறும் பலகைதானேன்னு நான்..."

அவள் அடுத்த அறைக்கு ஓடினாள்.

விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று மூன்று நாளைக்கு முன் அவளே மடியில் வைத்துவிட்டுப் போன அந்தக் கீபோர்டில், முப்பது வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்த அப்பா, ஜன்னல் வெயிலுக்கும் தலைக்கு மேல் எரிந்த விளக்குக்கும் கண்ணை இடுக்கிக்கொண்டு, அசைகிற ஒரே கையால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.