விட்டுக்கொடுத்த இருபத்துநான்கு

திரையில் இருபத்துநான்கு கட்டங்கள் ஒரே சமயத்தில் இருண்டன.

"என்னம்மா, படுத்துடுச்சா?" என்றார் வெள்ளத் தடுப்புத் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி.

"இல்ல சார். இப்போதைக்குத் தேவையில்லன்னு விட்டுக் கொடுத்திருக்கு."

சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று வருடம் இதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஒரே கணினி. அதற்குள் அறுபத்துநான்கு கோர்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்குப் போடும்; திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இன்று அதில் இரண்டு வெள்ளக் கணிப்பு நிரல்கள் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று அவளுடையது, இன்னொன்று அதே ஆய்வகத்து எபனேசருடையது. முந்துவதைத் துறை எடுத்துக்கொள்ளும். மற்றது குப்பைக்கு.

அந்த ஆய்வகத்தில் எல்லோரும் நிரல் எழுதும் லட்சணம் ஒன்றுதான். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, வேலை இருக்கிறதோ இல்லையோ, கிடைத்த கோர்களையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்வது. அவளுடைய நிரலுக்கு மட்டும் அந்தப் புத்தி கிடையாது. வேண்டியதைக் கேட்கும். வேலை முடிந்தால் திருப்பித் தந்துவிடும்.

எபனேசருடையது நாற்பத்தெட்டு கிடைத்தால்தான் அசையும். கையில் இருபத்துநான்கை வைத்துக்கொண்டு அதுவரை சும்மாதான் கிடந்தது. இவளுடையது விட்டதும் அள்ளிக்கொண்டு பாய்ந்தது.

பேராசிரியர் குனிந்து முணுமுணுத்தார். "மிச்சத்தையாவது விட்டுடாதேம்மா. பிடிச்சு வைக்க ஒரு கமாண்ட்தானே."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

விட்டது திரும்பக் கிடைக்கவில்லை; மீதிப் பதினாறை வைத்துக்கொண்டே அவளுடைய நிரல் முடித்தது. ஒரு பிழை இல்லை. ஆனால் இரண்டு நிமிடம் பிந்தி.

அதிகாரி எபனேசரின் பெயரை எழுதினார்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பெருமைதான் வந்தது. பைத்தியக்காரப் பெருமை.

"சார், ஒரு நிமிஷம்." எபனேசர் எழுந்து நின்றான். முகம் கறுத்திருந்தது. "உங்க ஆபீஸ்ல ரெண்டு ஆத்துக்கும் ஒரே மெஷின்தானே? என்னோடதையே ரெண்டா ஓட்டிப் பாத்துட்டு எழுதுங்க."

ஓட்டினார்கள்.

ஆளுக்கு முப்பத்திரண்டைப் பிடித்துக்கொண்டு, மற்றது விடட்டும் என்று இரண்டும் உட்கார்ந்துவிட்டன.

ஐந்து நிமிடம்.

பத்து நிமிடம்.

அறுபத்துநான்கு கட்டங்களும் பச்சையாக எரிந்தன. ஓர் எண்கூட வரவில்லை.

எபனேசர் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

அதிகாரி மூடி வைத்த பேனாவைத் திறந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

அவள் இனிஷியலோடு சேர்த்துச் சொன்னாள்.