வாலிசி வீட்டு நுரை

"நுரையைப் பாருங்கடி! கண்ணை நல்லாத் தொறந்து பாருங்க!"

மகெலிதா போட்ட கூச்சலில் வாலிசியின் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

ஃபூனாஃபூட்டித் தீவில் மழை பெய்து மாசக்கணக்காகிறது. குடிக்க இருப்பது தேவாலயத் தொட்டியில் மிஞ்சிய மழைத்தண்ணீர்தான்; அதுவும் வீட்டுக்கு அளந்துதான். குளிக்க, துவைக்க எல்லாம் கடல் தண்ணீரோ, கிணற்று உப்புத் தண்ணீரோதான். அதில் சோப்புப் போட்டால் பிசுபிசுக்குமே தவிர நுரைக்காது.

அப்படியும் தொட்டி, அளந்து கொடுத்ததைவிட வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. சாவி மகெலிதாவின் புருஷன் பெனிசோனியிடம். நாளைக்கு ஊர் தன் குடும்பத்தைத்தான் கேட்கும் என்று அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வாலிசியின் சட்டியில் பொங்கி வழிந்த நுரையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குது. உனக்குத் துணி வெளுக்க நல்ல தண்ணி கேக்குதா?"

வாலிசி கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நாக்குல வச்சுப் பாருக்கா."

மகெலிதா விரலைத் தோய்த்து நக்கினாள். முகம் கோணிப்போனது. கடல் தண்ணீர்!

"இது எப்படிடி நுரைக்கும்?"

"சோப்பு நானே காய்ச்சினது. தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும். இது கடல்லயும் நுரைக்கும். கடை சோப்பு மாட்டுக்கொழுப்புல பண்றது. உப்பைக் கண்டா திரிஞ்சிடும்."

"அப்போ தொட்டித் தண்ணி எங்கதான் போகுது?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

எல்லோரும் மகெலிதாவைப் பார்த்தார்கள். அவளுக்கு மானம் போனது. ஆனாலும் விடவில்லை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதே! எவ வீட்டுல கடை சோப்பு நுரைக்குதோ, அவதான் திருடி. வாங்க, வீடு வீடாப் பாப்போம்!"

வாலிசி அவள் கையைப் பிடித்தாள். "வேணாம்க்கா. போனது போகட்டும்."

"உனக்கென்ன? பழி வரப்போறது எங்க மேல! மொதல்ல என் வீட்டையே பாருங்க. எங்க வீட்டு மனுஷன் தன் துணியைத் தானே துவைச்சுக்கறவரு. நான் தொட்டதுகூட இல்ல."

கூட்டம் கிளம்பியது. வாலிசி எல்லோரையும் முந்திக்கொண்டு மகெலிதாவின் பின்னாலேயே ஓடினாள்.

கொல்லையில் பெனிசோனியின் வெள்ளைச் சட்டைகள் ஊறிய பெரிய வாளி. மேலே கிடந்த பலகையை மகெலிதா ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

வாளி நிறைய நுரை. பக்கத்துக் கல்லில், பாதி கரைந்த கடை சோப்பு.

மகெலிதா விரலைத் தோய்த்து நக்கினாள். உப்பே இல்லை. பெண்கள் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

வாலிசி சட்டென்று அந்தக் கல்லின் மேல், சோப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வாளி நுரையை இரண்டு கையாலும் அள்ளி, எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? நேத்து பெனிசோனி அண்ணனுக்கு நான் குடுத்த சோப்பு! எப்படி நுரைக்குது பாருங்க!"