சின்னக் கிற்றாரின் வசதிகள்

ஸ்ரனிஸ்லாஸ் உறையைத் திறந்து வெளியே எடுத்ததைப் பார்த்துக் கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம்.

கிற்றார்தான். ஆனால் அளவில் முக்கால்வாசிதான் இருந்தது.

"என்ன மச்சான், பழையதைத் தோய்ச்சுக் காயப்போட்டனியோ? சுருங்கிப்போச்சு," என்றான் றொஜர்.

ஞாயிறு பூசை முடிந்தால் பாடகர் குழுவில் உள்ள ஆம்பிளைகள் பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இந்தத் தேத்தண்ணிக் கடையில்தான் இருப்போம். றொஜரும் நானும் பாடுகிறவர்கள். ஸ்ரனிஸ்லாஸ் கிற்றார்காரன். ஒன்பது வருடமாக அவனிடம் ஒரு பெரிய கிற்றார் இருந்தது. அடித்தால் கோயிலில் கடைசி வாங்கில் நித்திரை கொள்பவனும் எழும்புவான்.

அதை விற்றுவிட்டு இதை வாங்கியிருக்கிறான்.

ஏன் என்று கேட்டது றொஜர். பதில் வந்தது என்னைப் பார்த்து.

"ஆர்ஜொந்தெய் றெயினில சனத்துக்குள்ள பெரிசைக் கொண்டு வாறது கரைச்சல் அண்ணை. இது முழங்காலுக்கு இடையில நிக்கும்."

ஞாயிறு காலை அந்த றெயினில் அப்படியென்ன சனம் என்று நான் கேட்கவில்லை.

அறையில் நாலு பேர், இதென்றால் கட்டிலுக்குக் கீழே தள்ளலாம் என்றான். சத்தம் குறைவு, பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டமாட்டான். பிளேனில் கையோடு கொண்டு போகலாம்.

பிளேனில் எங்கே போகப் போகிறான்? ஒபர்வில்லியே கிடங்கில் அடுத்த மாதம் தன்னை நிரந்தரமாக எடுப்பார்களா என்று காத்துக்கொண்டு இருக்கிறவன். எடுத்தால்தான் மன்னாரில் இருக்கிற மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். இது கடையில் எல்லோருக்கும் தெரியும். நானும் அதே கிடங்குதான்.

"பெரிசையும் வைச்சிருந்திருக்கலாமே," என்றேன்.

"இடமில்லை அண்ணை."

ஒன்பது வருடம் இடமிருந்த அறை.

ஒரு சாமான் வாங்க ஒரு மனிசனுக்கு ஒரு காரணம் காணும். நாலு சொன்னால் எனக்கு ஐந்தாவதைத் தேடத் தோன்றும்.

வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். சத்தம் மோசமில்லை. நான் சத்தத்தைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தேன். முன்பெல்லாம் மதிலுக்கு மேலால் கை போட்டுக் கதைக்கிறவன் மாதிரி வலது கையை மேலே போட்டு வீசி அடிப்பான். இப்போது முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. மணிக்கட்டு மட்டும் அசைந்தது.

வாங்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். வயிறு சின்னக் கிற்றார். என் கை அதன் மேல் தானாகவே தாழ்ந்து கிடந்தது. தோளை ஒரு விரல் அளவுகூட உயர்த்தத் தேவையில்லை.

இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவன் நான். தோள் போனவன் எதை எப்படி மறைப்பான் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்ன அண்ணை, உங்களுக்கும் ஆசை வந்திட்டுதோ? முதல் நன்மை எடுக்கிற சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கிற சாமான் அது," என்றான் றொஜர்.

"ஓம். சின்னன்தான் வசதி," என்றேன்.

ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. கிற்றாரை நீட்டினேன். இடது கையால் வாங்கினான்.

கொள்கலன் இறக்கும்போது மேலடுக்கு மூட்டைக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். கீழடுக்குக்குக் குனிய வேண்டும். இடுப்பு முறியும், ஒருவரும் விரும்பமாட்டார்கள். மூன்று கிழமையாகக் கீழடுக்கை ஸ்ரனிஸ்லாஸ் தானே கேட்டு எடுக்கிறான்.

கிடங்கில் மூட்டை இறக்குகிற குழுவுக்குப் பொறுப்பாளர் நான். யாரை நிரந்தரமாக எடுக்கலாம் என்று நிர்வாகம் எழுதிக் கேட்டதும் என்னிடம்தான். வெள்ளிக்கிழமை அவன் பெயருக்கு நேரே எழுதினேன்: "கஷ்டமான பக்கத்தை ஒருவரும் சொல்லாமல் தானாகவே எடுப்பவர்."

தாள் என் சட்டைப்பையில் இருந்தது. நாளை காலை எட்டு மணிக்குக் கொடுக்க வேண்டும்.

எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.