நோயில்லாத ஆள்

சோதனைத் தட்டை ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர். உடம்பில் அழற்சி எவ்வளவோ அவ்வளவு நீலம் ஏறும்.

அழற்சி என்பது வேறொன்றுமில்லை. திருடன் ஓடிப்போன பிறகும் தடியைக் கீழே போடாத காவல்காரன். விட்டுவைத்தால் வீட்டுக்காரர்களையே அடிக்க ஆரம்பிப்பான்.

மூன்றாவது குழி அவளுடைய அக்காவுடையது. நல்ல நீலம்.

நான்காவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கும் நோயில்லாத ஆளின் குழி. எப்போதும் நீலமேறும் அதில் இன்று சொட்டு நிறம்கூட இல்லை.

இதற்கு முன் இரண்டு முறை அக்காவின் ரத்தம் இங்கே வந்தபோது இரண்டு குழிகளும் ஒரே நீலமாகத்தான் இருந்தன. வித்தியாசமில்லை என்று முடிவு எழுதியவள் இவளேதான். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்து தர மறுத்தார். எல்லாம் மனக்கவலை என்றார். அத்தான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அக்கா வீங்கிய முழங்காலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். இந்த மாதம் மூச்சும் வாங்க ஆரம்பித்துவிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்ற அந்தத் தட்ட ஒருநாள் எடுத்துட்டு வாடி, அது மூஞ்சிய நான் பாக்கணும்" என்று போன வாரம் சிரித்தாள்.

இன்றைக்குக் கோளாறு நான்காவது குழியில்தான் என்று அவள் முடிவு கட்டினாள். வழக்கமாக ரத்தம் கொடுக்கும் ஆளுக்கு ஜலதோஷம். ஜலதோஷக்காரர்களின் ரத்தத்தை எடுக்கக் கூடாது. அதனால் ஆய்வக வண்டி ஓட்டுநரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்ட மனிதர்.

ஏதோ கை தவறியிருக்க வேண்டும். தன்னையே திட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முதலிலிருந்து செய்தாள். விரல் கணுக்கள் விண்விண் என்று தெறித்தன. காலையில் சீப்பைப் பிடிக்கவே முடியவில்லை. நாள் முழுக்கச் சொட்டு விடும் குழாயை அழுத்தும் வேலை, வேறென்ன வரும்.

இந்த முறை ஐந்தாவது குழியில் வழக்கமான ஆளின் பழைய ரத்தத்தையும் விட்டாள். உறைபெட்டியில் அது எப்போதும் இருக்கும்.

பதினைந்து நிமிடம்.

அக்காவின் குழி நீலமானது. ஓட்டுநரின் குழி அப்படியே தண்ணீராகக் கிடந்தது. ஐந்தாவது குழி மெல்ல மெல்ல நிறம் ஏறி, அக்காவின் நீலத்துக்கு வந்து நின்றது.

அவள் தட்டை மறுபடியும் வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தாள்.

"என் ரத்தத்துல ஏதாச்சும் கோளாறா மேடம்?" வாசலில் ஓட்டுநர், பஞ்சை இன்னும் கையில் அழுத்திப் பிடித்தபடி.

"இல்லண்ணே. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

அவர் போன பிறகு பதிவேட்டைப் பிரித்தாள். நான்கு வருடம், எண்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரையும் அந்த ஐந்தாவது குழிக்காரரின் ரத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். வித்தியாசமில்லை, வித்தியாசமில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. அத்தனை பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'நோயில்லாத ஆள்' என்று ஒரு கட்டம். எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான்.

அவள் கையெழுத்தில், அவளுடைய பெயர்.

அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தாள். விரல்கள் மடங்கவில்லை.