அறுபது வயதுக்காரர்கள்

உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில், முனீஸ்வரி டீச்சர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயதுப் பட்டியலைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டார். அறுபது வயதுக்கு மட்டும் கோடு கோபுரமாக நின்றது. ஐம்பத்தொன்பதும் அறுபத்தொன்றும் தரையோடு கிடந்தன.

"ஏன்னு சொல்லுங்க பாப்போம்."

"அந்த வருசம் நெறையப் பேரு பொறந்திருப்பாக டீச்சர்," என்றான் முத்துக்குமரன்.

"இல்லப்பா. வயசு தெரியாதவங்க குத்துமதிப்பாச் சொல்லியிருப்பாங்க. கணக்கெடுக்கப் போன சோம்பேறியும் அப்படியே எழுதியிருப்பான். 'உங்க கல்யாணத்தப்ப ஊர்ல என்ன விசேஷம்'னு ரெண்டு கேள்வி கேட்டுக் கணக்குப் போட்டிருந்தா உண்மையான வயசு வந்திருக்கும். நீங்க உங்க தெருவுல கேட்டுட்டு வாங்க. நல்லாச் செய்றவங்களுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் உண்டு."

திங்கட்கிழமை பவதாரிணி நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். அவள் தெருவில் 2011 கணக்கெடுப்பில் அறுபது என்று எழுதப்பட்ட ஏழு பேரில் ஒருவருக்கும் அப்போது அறுபது இல்லை.

"சபாஷ். எழுதுனது யாருன்னு விசாரிச்சியா?"

"விசாரிச்சேன் டீச்சர். கால் வலிக்குதுன்னு எங்க தெரு சங்கிலி மாமா வீட்டு வாசல்லயே உக்காந்து, மோர் குடிச்சுக்கிட்டே பெரியவுக எல்லாருக்கும் அறுபதுன்னு எழுதிட்டுப் போயிட்டாகளாம்."

"அந்த ஆளு பேரைச் சொல்லு. பயப்படாத."

பவதாரிணி தயங்கினாள்.

"மொதல்ல ஜாமெட்ரி பாக்ஸைக் குடுத்துருங்க டீச்சர்."

சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதைப் பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த கணக்கெடுப்புக்கும் நீங்கதான் வாரீகளான்னு மாமா கேட்டாக டீச்சர். மோர் எடுத்து வைப்பாகளாம்."