வெள்ளிக்கிழமை மேசை

இரண்டு நூலகங்களும் பூட்டியிருந்தன.

பஸ் நிலைய நூலகத்தின் பூட்டைப் பார்த்துவிட்டு வெயிலில் நடந்து வந்தவள், மணிக்கூண்டு நூலகத்தின் பூட்டையும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

வெள்ளிக்கிழமை. இனி எல்லா வெள்ளியும் இப்படித்தான்.

வெள்ளியன்று எங்கே உட்கார்ந்து படிப்பது?

வீட்டில் முடியாது. நான்கு விசைத்தறிகள் போக மிச்சமிருந்த இடம்தான் வீடு. தறி ஓடும்போது தரை அதிரும். தரையோடு மேசை அதிரும். புத்தகத்தில் எழுத்து வரியை விட்டு இறங்கி ஓடும். கரண்ட் போனால் மட்டும் படிக்கலாம். கரண்ட் போனால் அப்பா கத்துவார்.

அப்பா ஒன்று சொல்லியிருந்தார். இந்த முறையும் அரசுத் தேர்வில் தேறாவிட்டால் அவள் தறிக்கு நூல் சுற்ற வந்துவிட வேண்டும்.

தேர்வு, ஆடி மாதம் முடிந்ததும்.

பஸ் நிலைய நூலகம் மாவட்டத்துடையது. வெள்ளி விடுமுறை. மணிக்கூண்டு நூலகம் முன்பு நகராட்சியுடையது. ஞாயிறு விடுமுறை. ஒன்று மூடிய நாளில் மற்றொன்று திறந்திருக்கும். அதனால் அவளுக்கு மேசை இல்லாத நாளே இருந்ததில்லை.

யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடல்ல அது. அந்த இரண்டு அலுவலகங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதுகூட இல்லை.

பிறகு இரண்டும் ஒரே மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வந்தன.

முதலில் நல்லதுதான் நடந்தது. அவளுடைய இரண்டு அட்டைகள் ஒன்றாயின. இங்கே எடுத்த புத்தகத்தை அங்கே கொடுக்கலாம். இங்கே இல்லாத கணக்குப் புத்தகத்தை எழுதி வைத்தால் இரண்டொரு நாளில் அங்கிருந்து வந்துவிடும். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

கடைசியில் விடுமுறையும் ஒன்றாயிற்று.

சனிக்கிழமை காலை மணிக்கூண்டு நூலகர் ஆரோக்கியமேரி கதவைத் திறக்க வந்தபோது, அவள் படியில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க மேடம், ரெண்டையும் ஒரே நாள்ல பூட்டிட்டா நான் எங்கீங்க போறது?"

"ஒரே ஆபீஸ் ஆயிருச்சல்ல அம்மிணி. ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க. இனி ஒரே நாள்தான் லீவு."

"கல்யாணம் ஆனாச் சரிங்க. புருசனும் பொண்டாட்டியும் ஒரே நேரத்துல தூங்குனா கொழந்தைய ஆருங்க பாக்கறது?"

"வாயப் பாரு இவளுக்கு. கொழந்தையாமா! போ, போய்ப் படி."

அவள் உள்ளே போனாள். மேடம் வரவில்லை. திறந்த பூட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளி அவள் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

வந்தவர்களெல்லாம் என்ன பரீட்சை என்று கேட்டார்கள். வயதைக் கேட்டார்கள். ஒருவர் தன் அக்காள் மகனைப் பற்றிச் சொன்னார். ஒரு கணக்குகூட முடியவில்லை.

அதற்கடுத்த வெள்ளியும் கோவிலுக்குத்தான் கிளம்பினாள். மணிக்கூண்டைத் தாண்டும்போது பழக்கத்தில் தலை திரும்பியது.

கதவு திறந்திருந்தது.

உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவளுடைய மேசை. ஈரத்துணியால் துடைத்த தடம் இன்னும் காயவில்லை.

மேடம் தலை நிமிராமல் நாளிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம்..."

மேடம் சுவரிலிருந்த 'அமைதி காக்கவும்' பலகையைக் காட்டினார். பிறகு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"முன்ன அவங்க லீவ மாத்தச் சொல்லி நாம கேக்க முடியாது. நம்மளத அவங்க கேக்க முடியாது. இப்பத்தான் ரெண்டுக்கும் ஒரே ஆபீஸாச்சே. நேரா ஆபீசர்கிட்டப் போயி, கொழந்தைய ஆரு சார் பாக்கறதுன்னு கேட்டேன். சிரிச்சுப்போட்டு மாத்திக் குடுத்துட்டாரு."



இத்தனை நாள் அந்த மேசை அவளுக்குத் தானாக வாய்த்திருந்தது.

பலகைக்குக் கீழே புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பசை உலராமல் ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. அவள் அதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, முதலிலிருந்து வாசித்தாள்.

பஸ் நிலைய நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை. மணிக்கூண்டு நூலகத்துக்குத் திங்கள் விடுமுறை.